சீனத்து மையும் சிரட்டைப் பொட்டும்

மொன்றியலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இங்கே கடையில் எதை வாங்கினாலும் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். பால், சவர்க்காரம், தலையிடிக் குளிசை என்று எல்லாவற்றிலும் அப்படித்தான். வழக்கமாக இரண்டும் ஒன்றையே சொல்லும். ஒன்றையே சொல்லாத ஒரு போத்தலை நான் ஒரேயொரு தடவைதான் கண்டிருக்கிறேன்.

மகள் அப்போது எட்டாம் வகுப்பு. சித்திர வகுப்புக்கு வேண்டும் என்று ஒரு சின்னக் கறுப்பு மைப் போத்தல் வாங்கி வந்திருந்தாள். பிரெஞ்சுப் பக்கம் 'ஆங்க்ர் த ஷீன்' என்றிருந்தது, அதாவது சீன மை. ஆங்கிலப் பக்கம் 'இந்தியா இங்க்' என்றிருந்தது, அதாவது இந்திய மை.

"அப்பா, இது சீனாவில இருந்து வந்ததோ, இந்தியாவில இருந்து வந்ததோ?"

போத்தலின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாட்டிலும் செய்ததல்ல. "நாங்கள் எந்த நாட்டுக்காரர் எண்டு உன்ர ரீச்சர் கேட்டால் நீ என்ன சொல்லுவாய்? உதுவும் அது மாதிரித்தான்" என்று ஒருமாதிரிச் சமாளித்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது.

பெயர்க் கதை பெரிய சிக்கலானதல்ல. மையைச் செய்தவர்கள் சீனர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் கீழைத்தேசச் சரக்குகளை அள்ளிக்கொண்டு போனபோது ஆங்கிலேயருக்கு ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இருந்ததெல்லாம் 'இந்தியா'தான். அந்தக் கணக்கில் சீனாவின் மை இந்திய மையாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் சரியான ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். செய்தவனிடம் ஒருவரும் கேட்கவில்லை, விற்றவன் வைத்த பெயர்தான் நின்றது. அகதியாக வந்த எங்களுக்கு இது புதிதல்ல. கனடாப் படிவத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட, முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறது. கூப்பிடும்போதெல்லாம் ஒருகணம் அவர் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

அந்தக் கிழமையே சைனா ரவுனுக்குப் போனேன். சென் லோறன் வீதியில் 1999இல் கட்டிய பெரிய வளைவு வாசலைத் தாண்டி, டு லா கோஷ்தியேர் வீதியில் திரும்பினால் வாகனம் போகாத ஒரு துண்டு இருக்கிறது. அங்கே தூரிகை, கடுதாசி, தேயிலை, குடை எல்லாம் ஒன்றாக விற்கும் ஒரு கடை. வயதான மனிதர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே தரம். அதனால் நன்றாக விளங்கியது.

மை என்றேன். போத்தல் எடுக்கப் போனவரை மறித்து, "பழைய மாதிரி" என்றேன். கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே விரலளவு நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டி. கல்மாதிரி இருந்தது, தூக்கினால் பாரமில்லை. ஒரு பக்கம் பொன்னிறத்தில் படம், மறுபக்கம் எழுத்து, ஓரத்தில் இன்னும் சின்ன எழுத்து. அந்தச் சின்ன எழுத்தைத் தொட்டு, "செய்தவர் பெயர்" என்றார்.

பிறகு ஒரு வழுவழுப்பான கல்லை எடுத்து, நாலு துளி தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து மெதுவாக வட்டமாக உரைக்கத் தொடங்கினார். எங்கள் கோயில்களில் சந்தனக் கட்டையைக் கல்லில் உரைப்பார்களே, அதே கைவாகு. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கறுத்துத் தடித்தது. கூடவே ஒரு வாசம் வந்தது. பச்சைக் கற்பூரம்! நல்ல மைக்கட்டிகளில் அதையும் கஸ்தூரியையும் சேர்ப்பார்கள் என்று பிறகு வாசித்து அறிந்தேன். தோற்பசையின் மணத்தை மறைக்கத்தான்.

"உங்கள் நாட்டில் மை எப்படிச் செய்வீர்கள், மெஸ்யூ?" என்று கேட்டார்.

என் வாயில் உடனே வந்த பதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "என் அம்மாவின் அம்மா செய்வா. தேங்காய்ச் சிரட்டையில்" என்றேன். தேங்காய்க்குப் பிரெஞ்சில் சொல் தெரியும், சிரட்டைக்குத் தெரியவில்லை. கையைக் குவித்துக் காட்டினேன்.

நான் சொன்னது எழுதுகிற மையை அல்ல. கறுத்தப் பொட்டை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் பொட்டுக் காய்ச்சுவது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சவ்வரிசியைத் தாச்சியில் போட்டுக் கருக்கி, அது புகைந்து கரியானதும் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, துணியில் வடித்து, மறுபடி வற்றவைத்து, சிரட்டையில் ஊற்றி வெயிலில் காயவிடுவார்கள். காய்ந்ததும் சிரட்டையின் அடியில் கறுப்பாய்ப் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தொட்ட விரலால் உரைத்துப் பிள்ளையின் நெற்றியிலும் கன்னத்திலும் வைப்பார்கள். ஒரு சிரட்டை ஒரு வருடத்துக்குப் போதும்.

கரி, அதைப் பிடித்துவைக்க ஒரு பசை, காயவைத்தல், பிறகு தண்ணீர் தொட்டு உரைத்தல். சீனத்து மைக்கட்டியும் இவ்வளவுதான். சவ்வரிசியின் மாப்பசைக்குப் பதில் அவர்கள் மிருகத் தோலிலிருந்து எடுத்த பசையைப் போட்டார்கள், எங்கள் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதை. ஆனால் நாங்கள் சிரட்டையோடு நின்றுவிட்டோம், அவர்கள் இரண்டாயிரம் வருடம் அதன் பின்னாலேயே போனார்கள். எப்படி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சீனாவின் ஹூபே மாகாணத்தில் யுன்மெங் என்ற இடத்தில் 1975இல் தொடங்கிய அகழ்வில், கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் மைத்துண்டும் அதை அரைக்கும் கல்லும் சேர்ந்து கிடைத்தன. அதற்கு எண்ணூறு வருடம் கழித்து, 6ஆம் நூற்றாண்டில், ஜியா சீசியே என்பவர் எழுதிய வேளாண்மை நூலில் மை செய்யும் முறை எழுத்தில் இருக்கிறது. நல்ல புகைக்கரியைச் சலித்து எடு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு பசை சேர், முட்டையின் வெள்ளைக்கரு ஐந்து போடு, சாதிலிங்கமும் கஸ்தூரியும் கொஞ்சம், பிறகு இரும்பு உரலில் போட்டு முப்பதாயிரம் தடவை இடி, இன்னும் கூட இடித்தால் இன்னும் நல்லது. இதில் எனக்குப் பிடித்தது கடைசி அறிவுரை. வெக்கையான காலத்தில் செய்யாதே, பசை பழுதாகி நாறும். குளிர்காலத்திலும் செய்யாதே, காயாது, காற்றுப்பட்டால் வெடித்து உதிரும். இந்த வெடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

கரி எங்கிருந்து வரும்? முதலில் பைன் மரம். 1637இல் சொங் யிங்சிங் என்பவர் அந்தக் காலத்துக் கைத்தொழில்களைப் படத்தோடு விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதில் உள்ள விவரத்தை வாசித்தால் வாய் பிளக்கும். மரத்தை உடனே வெட்டுவதில்லை. அதன் பிசின் முழுக்க வடிய வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் மை பாழ். அடிமரத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே ஒரு விளக்கை வைத்து மெல்ல எரியவிடுவார்கள். சூட்டை நோக்கி மரத்தின் பிசினெல்லாம் இறங்கி வடிந்துவிடும். பிறகு வெட்டி, சிறு துண்டுகளாக்கி, மூங்கில் கீற்றால் வள்ளத்துக் கூரைபோல வளைத்துக் கட்டிய நீளச் சுரங்கத்தின் ஒரு முனையில் நாட்கணக்கில் எரிப்பார்கள். சுரங்கம் நூறடிக்கு மேல் நீளம் போகும், உள்ளும் புறமும் கடுதாசியும் பாயும் ஒட்டியிருக்கும். ஆறியதும் உள்ளே போய்க் கரியைக் கூட்டி எடுப்பார்கள். நெருப்புக்குக் கிட்ட விழுந்த கரி மட்டமானது, அது அச்சுக்காரருக்கும் பூச்சு வேலைக்காரருக்கும். கடைசிக் கோடியில், நெருப்பைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் விழுந்த மெல்லிய கரிதான் நல்ல மைக்கு.

இந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். நெருப்பைவிட்டுக் கனதூரம் போனவர்களில் நானும் ஒருவன். அதனால் நல்ல கரி என்று சொல்லமாட்டேன், அது வேறு கதை.

இரண்டாவது வழி எண்ணெய் விளக்கு. 'துங்' என்ற மரத்தின் கொட்டை எண்ணெயில் திரி எரித்து, மேலே கவிழ்த்த மூடியில் படிகிற கரியைச் சுரண்டுவது. இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் வெண்கலத் தட்டைக் கவிழ்த்து அம்மம்மா கண்மை எடுப்பதும் இதே முறை. சொங் யிங்சிங் கணக்கும் தருகிறார். கைவேகமுள்ள ஒருவர் ஒரே நேரத்தில் இருநூறு விளக்குப் பார்ப்பாராம். சுரண்டப் பிந்தினால் கரி முற்றிவிடும், எரிந்தும்போகும். ஒரு ஜின் எண்ணெய் எரித்தால், அதன் பதினாறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடத்தான் நல்ல கரி கிடைக்கும். மீதியெல்லாம் காற்றோடு.

இனிப் பெயர்களுக்கு வருவோம். மைக்கட்டியில் செய்தவர் பெயர் பொறிப்பது சீனர்களிடம் மிகப் பழைய வழக்கம். அந்தப் பெயர்களில் எல்லாவற்றிலும் பெரியது லீ திங்குய். பத்தாம் நூற்றாண்டு. அவருடைய மைக்கட்டி ஒன்று குளத்துக்குள் விழுந்து ஒரு மாதம் கிடந்தும் மினுக்கம் குறையாமல் வெளியே வந்தது என்று ஒரு கதை இருக்கிறது. பொன் கிடைக்கும், லீயின் மை கிடைக்காது என்று பின்னாளில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அவர் லீ அல்ல. சீ என்ற மைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வடக்கே யீ ஆற்றுப் பக்கத்து ஊர். தாங் அரசு உடைந்து எங்கும் சண்டை நடந்த காலத்தில், தகப்பன் சீ சாவ் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஓடினார். பெரிய ஆற்றைக் கடந்து, இன்றைய ஆன்ஹுவெய் மாகாணத்துக்கு வந்து, அங்குள்ள மலையில் நல்ல பைன் மரங்களைக் கண்டு, இதுதான் இடம் என்று அடுப்பைப் போட்டார். மை அவ்வளவு நன்றாக வந்ததால் தென் தாங் அரசர் மகிழ்ந்து தன் சொந்தக் குடும்பப் பெயரான லீயையே கொடுத்துவிட்டார். அந்த வட்டாரத்துக்கு 1121இல் ஹுய்ஜோ என்று பெயர் மாறியது, அதிலிருந்து மைக்கும் 'ஹுய் மை' என்றே பெயர். இன்றுவரை சீனாவின் முதல்தர மை அதுதான். 2006இல் சீன அரசு அதைச் செய்யும் கலையைத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நான் சொல்ல வருவது விளங்குகிறதா? ஒரு நாட்டின் பெருமையாகிய கைத்தொழிலுக்கு ஊர்ப் பெயரைக் கொடுத்தது சண்டைக்கு ஓடிவந்த ஓர் அகதிக் குடும்பம். பெயரையும் மாற்றிக்கொண்ட குடும்பம். கையில் இருந்த வேலையை மட்டும் மாற்றவில்லை.

இன்னொருவர் கதையும் சொல்ல வேண்டும். சூ தொங்போ, சீனாவின் மாபெரும் கவிஞர்களில் ஒருவர். அரசியலில் எதிர்ப்பக்கம் நின்றதால் முதுமையில் 1097இல் ஹைனான் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்தக் காலத்தில் அது உலகத்தின் முடிவு மாதிரி. அங்கே நல்ல மை கிடையாது. பான் ஹெங் என்ற மைக்காரர் கடல் கடந்து அவரைத் தேடிப் போக, இருவரும் சேர்ந்து மை அடுப்புப் போட்டார்கள். ஒருநாள் இரவு அடுப்பு பற்றி வீடே எரியப் பார்த்தது. ஓடியோடி அணைத்தார்கள். அத்தோடு மை செய்வதை நிறுத்திவிட்டதாகவும், ஆனால் கட்டி கட்டியாக ஐந்நூறு கிடைத்துவிட்டதென்றும், அது தன் ஆயுளுக்கு எழுதப் போதுமென்றும், மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமென்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இதை வாசித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். காரணம், 1996இல் மகள் பிறந்தபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அப்போது கோட் டே நேஜில் ஒரு நாலாம் மாடி அப்பார்ட்மென்ற். பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா வந்திருந்தா. வந்த மூன்றாம் நாள், "பிள்ளைக்குப் பொட்டுக் காய்ச்சவேணும், சிரட்டை எங்க?" என்றா. நாங்கள் அப்போது பனிப்பெட்டியில் உறைந்த தேங்காய்ப்பூ பைக்கற் வாங்கிச் சமைப்பவர்கள். சிரட்டைக்காகவே ஒரு முழுத் தேங்காய் தேடி ஜோன் ராலோன் வீதிக்கு அலைந்தேன். சவ்வரிசி கருகத் தொடங்கியதுதான் தாமதம், புகை அலாரம் கத்தத் தொடங்கியது. பிள்ளை கத்த, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட, மனைவி பாயில் கிடந்தபடி சிரிக்க, நான் துவாயை விசுக்கிக்கொண்டு கதிரைமேல் நின்றேன். பெரியம்மா மட்டும் அடுப்பைவிட்டு அசையவில்லை. "உது கத்தட்டும். கரி பதம் தப்பக் கூடாது" என்றா.

சூ தொங்போவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் தொள்ளாயிரம் வருடம். அலாரம் மட்டும்தான் வித்தியாசம்.

சீனாவில் பிறகு இந்தத் தொழில் பெரிய வியாபாரமாகியது. மிங் காலத்தில் ஃபாங் யூலூ, செங் தாயுவே என்ற இரண்டு ஹுய்ஜோ மைக்காரர்களுக்கு இடையே கடும் பகை. ஃபாங் 1588 அளவில் தன் மை அச்சுகளின் படங்களை அழகான நூலாகப் போட்டார். செங் விடுவாரா? 1606 அளவில் அதைவிடப் பெரிய நூல் போட்டார். யேசுசபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கொடுத்த கிறிஸ்தவப் படங்கள்கூட அதில் இருக்கின்றன. மைக்கட்டி விற்கிற போட்டியில் பிறந்த இந்த இரண்டு நூல்களும் இன்று சீன அச்சுக்கலையின் பொக்கிஷங்கள்.

இந்த இடத்தில் மொன்றியலுக்குத் திரும்பவேண்டும். ஏனென்றால் இந்த மையால் எழுதி அச்சடித்த புத்தகங்கள் ஒருகாலம் இந்த ஊரில் மலையாய்க் குவிந்து கிடந்தன. கியோன் கெஸ்ற் என்று ஓர் அமெரிக்க ஒப்பந்தக்காரர். கண்ணில் நீரழுத்த நோய். வேலையாகப் பீக்கிங் போனபோது, அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் கடற்படை அதிகாரியாக இருந்த கில்லிஸ் என்பவர், சீனக் கண்மருந்து ஒன்றைப் பாவித்துப் பாருங்கள் என்றார். சுகம் தந்ததோ என்னவோ, சீன மருத்துவ நூல்களை வாங்கச் சொல்லிக் கெஸ்ற் பணம் கொடுக்கத் தொடங்கினார். அது வளர்ந்து 1926இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் கெஸ்ற் சீன ஆய்வு நூலகமாகத் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் எண்ணாயிரம் அளவு தொகுதிகள், பத்து வருடத்தில் இலட்சம் அளவு. கண்ணுக்குப் போடுவதும் மை, எழுதுவதும் மை என்று ஒரே சொல்லை வைத்திருக்கிற எங்களுக்கு, கண்மருந்தில் தொடங்கிய ஒரு நூலகம் என்றால் சும்மா கடந்துபோக முடியுமா?

ஆனால் அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1926. கனடா 1885இலிருந்து சீனர்களிடம் மட்டும் தலைவரி வாங்கியது. 50 டொலரில் தொடங்கி 1903இல் 500 டொலர் ஆனது. 1923இல் அதையும் நிறுத்திச் சீனர் வருகையையே ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தது. 1947வரை அந்தச் சட்டம் இருந்தது. ஆகவே சீனப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக மொன்றியலுக்கு மரியாதையோடு வந்துகொண்டிருந்த அதே வருடங்களில், இங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த சீனர் தன் மனைவியைக் கூப்பிட முடியாது. எழுத்துக்கு விசா கிடைத்தது, எழுதியவனுக்கு இல்லை. கடைசியில் புத்தகங்களும் நிற்கவில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் நூலகத்தைக் காப்பாற்றப் பணமில்லாமல் போக, அது 1937 அளவில் அமெரிக்காவின் பிறின்ஸ்ரனுக்குப் போய்விட்டது. இன்றும் அங்கேதான்.

சரி, எங்களுடைய மைக்கு வருவோம்.

எங்களிடம் மை ஒரு தொழிலாகவே இருக்கவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறுவோம். கீறினால் எழுத்துத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ கோவையிலை, ஊமத்தையிலைச் சாற்றிலோ குழைத்து ஓலைமேல் பூசித் துடைத்தால், கீறலுக்குள் கரி நின்று எழுத்துத் தெரியும். சிங்களவர்களும் இப்படித்தான், அவர்கள் தும்மலை என்ற குங்கிலிய எண்ணெயைப் பாவித்தார்கள். சீனத்து மையில் பசை கரியைக் கடுதாசியோடு பூட்டிவிடும். வெயிலுக்கும் வெளிறாது. இரும்பு உப்பில் செய்த ஐரோப்பிய மைபோலக் காலப்போக்கில் கடுதாசியைத் தின்னவும் மாட்டாது. எங்களுடைய ஓலை மையில் அந்தப் பூட்டு இல்லை. நாள்பட எழுத்து மங்கும், மறுபடி கரி பூச வேண்டும். இரண்டு மூன்று நூறு வருடத்தில் ஓலையே செத்துவிடும், மறுபடி பிரதி எழுத வேண்டும். அதாவது எங்கள் ஏடு ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்தால்தான் உயிரோடு இருக்கும். ஒரு தலைமுறை கைவிட்டால் முடிந்தது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை அதன் பதிப்புரையில், கையில் எடுத்த ஏடு எப்படி நொறுங்கியது என்று அழாக்குறையாகச் சொல்லியிருப்பார்.

ஏட்டை எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் கடைசி ஓலையில் இருப்பதுண்டு. கரி எடுத்தவர் பெயர் இராது. அது வீட்டுப் பெண்களின் வேலை, விளக்கு வைக்கிற வேலையோடு சேர்ந்தது. பெயர் எழுத வேண்டிய வேலை என்று ஒருவரும் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஏடு இருந்தது. அப்பப்பாவின் தகப்பன் எழுதிய வைத்திய ஏடு, சிவப்புத் துணியில் சுற்றிப் பறணில் கிடக்கும். சரஸ்வதி பூசைக்கு மட்டும் இறங்கும். அம்மம்மா விளக்குக் கரி எடுத்துக் கொடுப்பா, அப்பப்பா எண்ணெயில் குழைத்துத் துணியால் ஒற்றி ஒற்றிப் பூசுவார். "தொடாதை, கை கறுக்கும்" என்று என்னைத் தள்ளியே வைத்தார்கள். கை கறுத்திருந்தால் இன்றைக்கு அந்த வேலை எனக்குத் தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களும் அங்கே சேர்த்துவைத்திருந்த ஏடுகளும் சாம்பலானபோது நான் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டு ஏடு அப்போது பத்திரமாகத்தான் இருந்தது. அதை யாரும் எரிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவில், அம்மா காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் எடுத்தா. ஏட்டை எடுக்கவில்லை. மழை. நடக்க வேண்டும். அம்மம்மாவைத் தாங்க வேண்டும். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, பறணும் இல்லை. "ஆர் எடுத்ததோ, கறையான் தின்டதோ தம்பி, நான் அதைத் தேடேல்லை" என்று ரெலிபோனில் சொன்னா. அம்மாவை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பல வருடம் நான் எரித்தவர்களைப் பற்றியே கதைத்துத் திரிந்தேன். எரியாமலே தொலைந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நூலகத்தை எரித்தது குற்றம், அதற்கு மன்னிப்பில்லை. என் வீட்டு ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று நான் ஒருநாளும் அப்பப்பாவைக் கேட்காதது என்னுடைய பிழை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டு என்னை நானே தப்பவைக்கக் கூடாது.

சென்ற மாசி மாதம் மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பெரியம்மா போய்ப் பல வருடம். "பொட்டு எப்பிடிக் காய்ச்சிறது அப்பா?" என்று மகள் கேட்க, நானும் மனைவியும் ஆளையாள் பார்த்தோம். சவ்வரிசி தெரியும். எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தப் பதத்தில் தண்ணீர் விடுவது, ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்தோம். மூன்று பேர் மூன்று விதம் சொன்னார்கள். சின்ன விசயம்தான். கடையில் கறுத்த மை கிடைக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு என் கண்முன்னால் நடந்த வேலை, துவாய் விசுக்கியதைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.

முதல் தடவை காய்ச்சிச் சிரட்டையை ஹீற்றருக்கு மேல் வைத்தோம். மாசி மாதத்து மொன்றியலில் வெயிலுக்கு எங்கே போவது? அடுத்த நாள் பார்த்தால் வயல்மண் மாதிரி வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் 6ஆம் நூற்றாண்டுச் சீனரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஜப்பானில் நாரா நகரத்து மைக்காரர்கள் புதுக் கட்டியை ஈரச்சாம்பலில் புதைத்து, நாளுக்கு நாள் ஈரம் குறைந்த சாம்பலுக்கு மாற்றி மாற்றி மெதுவாகத்தான் காயவைப்பார்கள் என்றும் வாசித்திருந்தேன். மேல்பக்கம் கெதியாகக் காய்ந்து இறுகினால் உள்ளே இருக்கிற ஈரம் வெடித்துத்தான் வெளியே வரும். இரண்டாம் தடவை சிரட்டையை ஈரத்துணியால் மூடி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, சூடில்லாத அறையில் விட்டோம். துணியை மூன்று நாளைக்கு ஒருக்கால் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் ஈரத்தைக் குறைத்து. மூன்று கிழமை எடுத்தது. ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு. மற்றும்படி நல்ல கறுப்பு.

மகள் அந்தப் பழைய மைக்கட்டியை இன்னும் வைத்திருக்கிறாள். அதை உரைத்து, தூரிகையால் சிரட்டையின் வெளிப்பக்கம் அம்மம்மாவின் பெயரை எழுதினாள், அதன் கீழே பெரியம்மாவின் பெயரை. தமிழ் எழுத்துக் கொஞ்சம் கோணல். அளவுகளை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்: ஒரு சுண்டு சவ்வரிசி, நடுத்தர நெருப்பு, கிளறக் கிளற உருகிக் கட்டியாகி, பிறகு புகை நீலமாக வரும்வரை. அலாரத்தின் பற்றரியை முதலில் கழற்றி, காய்ச்சி முடித்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பொட்டுக் காய்ச்சத் தெரிந்த ஒரு அம்மாவோ மாமியோ இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதற்குக் கீழே அவவின் பெயரையும் போடுங்கள்.